ஒன்பதாம் நம்பர் கம்ப்யூட்டர் மீது நடந்த விசாரணை

இலாயாங் பலிம்பிங் வட்டாரத்தில் வாழும் பொதுமக்களுக்கும், அவர்தம் வாரிசுகளுக்கும், இனி இந்த மண்ணில் பிறக்கவிருக்கும் சகல சந்ததியினருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு, வட்டார மண்டபத்தில், தேசியக் கொடிக்கும் சான் ரோக்கே புனிதரின் சிலைக்கும் நடுவே, முறைப்படி ஜெபம் சொல்லி முடித்தபின், மூன்று நடுவர்கள் முன்னிலையில் ஒரு மீன் வியாபாரி கம்ப்யூட்டரில் கேம் விளையாடினார். நமது வட்டார வரலாற்றில் இதற்கு முன் இப்படி நடந்ததில்லை. இனிமேலும் நடக்காமலிருக்க எல்லோரும் சேர்ந்து பிரார்த்திப்போம்.

அவரை விளையாட வைத்த பெருமை எஞ்சினியர் கொன்ராதோ எம். வில்லாருவெல் அவர்களையே சாரும். எஞ்சினியர் என்பது அவருடைய வேலை அல்ல, பெயரின் முதல் பாதி. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் கட்டடப் பொறியாளர் தேர்வில் தேறினார். அதற்குப் பிறகு அவர் கட்டியது ஒன்றே ஒன்று, தன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர். அது பக்கத்து வீட்டை நோக்கி வருஷத்துக்கு ஒரு விரற்கடை சாய்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் கல்யாணப் பத்திரிகையானாலும், கருமாதி அறிவிப்பானாலும், கிறிஸ்துமஸ் குலுக்கல் சீட்டானாலும் அவர் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். மனைவியே அவரை எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுகிறார். கோபம் வந்தால் மட்டும் பட்டத்தை விட்டுவிட்டு வெறும் எம். என்கிறாராம்.

எஞ்சினியருக்கு மார்க்கெட் சந்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. வில்லாருவெல் சைபர் அரண்மனை. அரண்மனையில் பதினாலு கம்ப்யூட்டர்களும் ஒரு கழிவறையும் உண்டு. கம்ப்யூட்டர்கள் வேலை செய்யும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு உண்டியல். ஒரு பெசோ போட்டால் ஐந்து நிமிடம் திரை வெளிச்சமாகும், முடிந்ததும் இருண்டுவிடும்; அடுத்த பெசோ.

ஆக, பெசோ போட்டும் திரை இருண்டால் ஜனங்களுக்கு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அது ஆரம்பித்தது எஞ்சினியர் 'வில்லாருவெல் மின்காவலன்' என்ற ஸ்டெபிலைசரை உலகுக்கு அளித்த வாரத்தில். எங்கள் ஊரில் மின்சாரம் ஏறும், இறங்கும், சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் போய்விடும். அதனால் ஸ்டெபிலைசர் இல்லாத கம்ப்யூட்டரைத் தலைக்கவசம் இல்லாத மோட்டார் சைக்கிளைப் போலத்தான் பார்ப்போம். எஞ்சினியர் எங்கோ ஒரு ஷெட்டிலிருந்து நூறு ஸ்டெபிலைசர்களைப் பெயரில்லாமல் வரவழைத்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் தன் படத்தை ஒட்டினார். படத்தில் அவர் விசேஷங்களுக்குப் போடும் மெல்லிய பரோங் சட்டை போட்டுக்கொண்டு, மின்னலை உள்ளங்கையில் பிடித்திருந்தார். பதினாலைத் தன் கடையில் மாட்டினார். மற்றதை வட்டாரம் முழுக்க விற்கத் தொடங்கினார். மண்டபத்துக்கு மட்டும் ஆறு வாங்கினோம்.

அன்றிலிருந்து அரண்மனையில் கேம் ஆடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர்கள் பட்டென்று அணைய ஆரம்பித்தன. அதுவும் எப்போது? சும்மா உட்கார்ந்து பயோடேட்டா அடிப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. பத்துப் பேர் சேர்ந்து சண்டை போடும் கேமில், எதிரியின் கோட்டை வாசலில் வாளை ஓங்கும் நேரம் பார்த்து அணையும். அதிகம் அணைந்தது ஒன்பதாம் நம்பர். அது மெலோங்குடைய இடம்.

மெலோங் நாற்பத்திரண்டு வயது மீன் வியாபாரி. விடிவதற்கு முன் சந்தைக்குப் போய், பத்து மணிக்குள் கூடையைக் காலி செய்துவிட்டு, ரப்பர் பூட்ஸோடு வந்து ஒன்பதாம் நம்பரில் உட்காருவார். அவருக்கு இருபுறமும் இரண்டு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். மரியாதையினால் அல்ல, வாடையினால். ஆனால் இந்த மாகாணத்தில் அந்த கேமில் அவரை அடிக்க ஆளில்லை. மூன்று வாரத்தில் பதினோரு ஆட்டம் பாதியில் அணைந்து, தர வரிசையில் நாற்பது படி இறங்கினார். அந்த நாற்பது படிக்கும் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று மீன் வெட்டும் கத்தியைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

பதில் சொல்ல வேண்டியவள் எத்ராலின். அந்தக் கடையின் பதினாலு கம்ப்யூட்டர்களையும் ஆறு வருஷமாக உயிரோடு வைத்திருந்தவள். முப்பத்தி நாலு வயது, குள்ளம், வாய் நீளம். அவள் முறைப்படிதான் பார்த்தாள். முதலில் சூடு: தூசியை ஊதிவிட்டு, உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்தாள், சரியாக இருந்தது. பிறகு படம் காட்டும் கார்டின் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டாள். அப்படியும் அணைந்தது. ரேம் எனப்படும் மெமரி அட்டையை ஒரு நாள் பூராவும் சோதனையில் ஓடவிட்டாள். ஒரு பிழை இல்லை. பக்கத்துக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைக் கழற்றி இதில் போட்டாள், அப்படியும் அணைந்தது. கம்ப்யூட்டர் தனக்கென்று எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்து படித்தாள். ஒவ்வொரு முறையும் ஒரே வரி: எதிர்பாராமல் மின்சாரம் போய்விட்டது. ரேம் கெட்டால் நீலத் திரை வரும், அல்லது கேம் மட்டும் மூடிக்கொள்ளும். இது இரண்டுமில்லை. யாரோ பிளக்கைப் பிடுங்கினது மாதிரி.

பிளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருந்தது எஞ்சினியரின் முகம்.

அவள் செய்த தப்பு, இதைக் கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னது. எஞ்சினியர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டாராம்:

"நீ என்ன படிச்சிருக்க?"

"ரெண்டு வருஷ டிப்ளமா சார்."

"நான் போர்டு எக்ஸாம் எழுதினவன்."

"அதுல கம்ப்யூட்டர் பத்திக் கேட்டாங்களா சார்?"

கடை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. எஞ்சினியரின் வாழ்க்கையில் அவரைப் பார்த்து ஒரே நேரத்தில் அத்தனை பேர் சிரித்தது அதுவே முதல் தடவை. முதுகுக்குப் பின்னால் சிரித்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை எத்ராலின் வேலையை விட்டுவிட்டாள். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நிரந்தர வேலை, லீவு உண்டு, உண்டியல் கிடையாது. அதற்கடுத்த திங்கள் காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும். கொண்டுவர வேண்டிய தாள்களின் பட்டியலில் மூன்றாவது: வட்டார நன்னடத்தைச் சான்றிதழ்.

செவ்வாய்க்கிழமை எஞ்சினியர் மண்டபத்துக்கு வந்து புகார் கொடுத்தார். எத்ராலின் கம்ப்யூட்டர்களிலிருந்த நல்ல ரேமைத் திருடிவிட்டு மட்டமான ரேமைச் செருகியிருக்கிறாள், அதனால்தான் கேம் நடுவில் அணைகிறது என்று ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முழுப் பெயர், பட்டத்தோடு.

யார் மீதாவது புகார் நிலுவையில் இருந்தால் அவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தரக்கூடாது. இதை எஞ்சினியருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவர்கள் கூடுவது வெள்ளிக்கிழமை மட்டும். அலுவலகம் மூடுவது மாலை ஐந்து மணிக்கு. சனி, ஞாயிறு விடுமுறை. அப்பாவிகள் தம் அப்பாவித்தனத்தை நிரூபிக்க எங்கள் வட்டாரம் வாரத்தில் நாலு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது.

ஒன்பதாம் நம்பர் சாட்சிப் பொருளாகப் பறிமுதல் செய்யப்பட்டது. காவலர்கள் இருவர் அதை, அதன் மின்காவலனோடு, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்தார்கள். பெட்டியின் ஸ்கிரூக்கள் மேல் நானே வட்டார முத்திரை குத்திய தாளை ஒட்டினேன். வட்டாரச் செயலாளராக இருபது வருஷத்தில் முத்திரைத் தாளைச் சரியாக ஒட்டியது அன்றுதான். மற்றபடி பசை இருக்காது.

வெள்ளிக்கிழமை வந்தது. நடுவில் கப்பித்தான் நெமெசியோ, எங்கள் வட்டாரத் தலைவர். மூன்று தேர்தல் ஜெயித்தவர். யார் மனசையும் நோகடிக்கக் கூடாது என்ற ஒரே கொள்கை உடையவர், குறிப்பாக வோட்டு உள்ளவர் மனசை. அவருக்கு ஒரு பக்கம் மருந்துக் கடைக்காரம்மா, மறுபக்கம் ஓய்வுபெற்ற தபால்காரர். தபால்காரர் ஜெபத்துக்குக் கண்ணை மூடினார். ஆமென் சொன்ன பிறகும் திறக்கவில்லை.

எஞ்சினியர் தன் மருமகனை, வக்கீலை, அழைத்து வந்திருந்தார். இந்தச் சபையில் வக்கீலுக்கு அனுமதி இல்லை என்று கப்பித்தான் நயமாகச் சொன்னார். வக்கீல் வெளி பெஞ்சில் உட்கார்ந்து, மாலைச் சிற்றுண்டிக்கு வைத்திருந்த பன்சித் நூடுல்ஸை மதியமே தின்னத் தொடங்கினார். அன்று அந்தக் கட்சியில் உருப்படியாக வேலை செய்தது அவர் ஒருவர்தான்.

கம்ப்யூட்டர் அணைகிறதா என்று முதலில் பார்த்துவிடுவோம் என்றார் மருந்துக் கடைக்காரம்மா. அன்று மண்டபத்தில் எழுந்த முதல் புத்திசாலித்தனமான வாக்கியம் அது. கடைசியும் அதுவோ என்று எனக்குச் சந்தேகம். ஆகவே ஒன்பதாம் நம்பரை மின்காவலன் வழியாகவே மண்டபத்துச் சுவரில் செருகி, மெலோங்கை உட்காரவைத்தார்கள். மெலோங் மணலில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார். பயனில்லை. எத்ராலினைப் பார்த்து, திருட்டு உண்மையாக இருந்தால் சந்தையில் அவளுக்கு இனி மீன் கிடையாது, தலைகூடக் கிடையாது என்று எச்சரித்துவிட்டு ஆடத் தொடங்கினார்.

பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம். நாற்பது நிமிடம். மெலோங் ஒரு கோட்டையைப் பிடித்தார், இன்னொன்றைப் பிடித்தார். கம்ப்யூட்டர் அணையவில்லை. ஒரு முறை கூட, ஒரு சிமிட்டல் கூட இல்லை.

எத்ராலினின் முகம் சுருங்கியது. தலைக்கு மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என் பின்னாலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டேகால்.

எஞ்சினியர் எழுந்தார். இதைத்தான் எதிர்பார்த்தேன் என்றார். புகார் வரும் என்று தெரிந்ததும் இந்தப் பெண் திருடின ரேமை எல்லாம் திருப்பிச் செருகிவிட்டாள், அதனால்தான் இப்போது ஓடுகிறது, இதைவிட ஒரு ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா என்று சபையைக் கேட்டார். கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் அவள் திருடி, அணையாவிட்டாலும் திருடி. இவ்வளவு நேர்த்தியான கட்டுமானத்தை அவர் சுவர் விஷயத்தில் காட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

"செக்ரெட்டரி, எழுதுங்க," என்றார் என்னிடம். "இந்த நிமிஷம் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது ஒரிஜினல் நல்ல மெமரி. அது நல்லா இருக்கறதாலதான் அணையல. வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்க."

எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொன்னார். போட்டேன். கீழே கையெழுத்தும் வைத்தார், எஞ்சினியர் என்று தொடங்கி.

கப்பித்தான் எத்ராலினைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒத்துக்கொண்டால் விஷயத்தைச் சுமுகமாக முடித்துவிடலாம் என்றார். ஒத்துக்கொண்டால் சான்றிதழ் கிடைக்குமா என்று அவள் கேட்டாள். திருட்டை ஒப்புக்கொண்டவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தருவது கொஞ்சம் சிரமம் என்று கப்பித்தான் ஒப்புக்கொண்டார்.

வெற்றி வந்ததும் எஞ்சினியருக்குப் புழுங்கியது. பரோங் சட்டையின் காலரை விரலால் இழுத்துவிட்டுக்கொண்டார். மேயர் வந்தால் ஏசி போடுகிறீர்கள், கவுன்சிலர் வந்தால் போடுகிறீர்கள், ஒரு எஞ்சினியர் ஒன்றரை மணி நேரமாக வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இது மண்டபமா மாட்டுக் கொட்டகையா என்று கேட்டார். ஏசி முக்கியஸ்தர்களுக்கு மட்டும் என்பது விதி. எஞ்சினியர் முக்கியஸ்தரா என்பதை அந்தச் சபையில் அவரை வைத்துக்கொண்டு விவாதிக்க முடியாது. கப்பித்தான் தலையசைத்தார். காவலர் போய் ஸ்விட்சைப் போட்டார்.

ஏசி இருமியது. தலைக்கு மேல் விளக்கு ஒரு கணம் மங்கியது. மின்காவலனுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

ஒன்பதாம் நம்பர் அணைந்தது.

மெலோங்கின் விரல்கள் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தன. "பன்னெண்டாவது," என்றார், யாரிடமும் இல்லாமல்.

தபால்காரர் கண்ணைத் திறந்து, முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

எத்ராலின் குரலை உயர்த்தவே இல்லை. "செக்ரெட்டரி சார், எஞ்சினியர் கடைசியா சொன்னத ஒருதடவ வாசிங்க."

வாசித்தேன். அடிக்கோடு போட்ட சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே வாசித்தேன் என்று பின்னால் என் மேல் குற்றம் சொன்னார்கள். அடிக்கோடு எதற்குப் போடுகிறார்கள்?

"அப்ப நல்ல மெமரி இருந்தாலும் அணையுது," என்றாள். "நான் திருடினதும் திருடாததும் இதுக்குச் சம்பந்தமில்ல. அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு."

எஞ்சினியர் மண்டபத்து வயரிங் சரியில்லை என்றார். மண்டபத்தைக் கட்டின கான்ட்ராக்டர் கப்பித்தானின் மச்சான் என்பது அவருக்கு அந்த அவசரத்தில் நினைவில்லை. கப்பித்தானின் முகத்தில் முதல் முறையாக ஒரு கொள்கை தெரிந்தது.

வயரிங் கெட்டது என்றால் அதையும் பார்த்துவிடலாம், அதே சுவர், அதே ஏசி, மின்காவலனை மட்டும் கழற்றிவிட்டு நேரே செருகுவோம் என்றாள் எத்ராலின். எஞ்சினியர் துள்ளி எழுந்து குறுக்கே நின்றார். காவலன் இல்லாமல் செருகினால் கம்ப்யூட்டர் எரிந்துபோகும், சாட்சிப் பொருள் நாசமாகும், யார் பொறுப்பு என்று கேட்டார். இதில் ஒரு உண்மை இருப்பதாகவே சபைக்குத் தோன்றியது. நாங்கள் எல்லோரும் ஸ்டெபிலைசர் பால் குடித்து வளர்ந்தவர்கள். சுவரில் நேரே செருகுவது என்றால் மருந்துக் கடைக்காரம்மாவே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"எரிஞ்சா நான்தான் திருடினேன்னு எழுதிக்கங்க," என்றாள் எத்ராலின். "இப்பவே வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டுத் தரேன்."

போட்டும் கொடுத்தாள். அந்தத் தாள் என் கையில் இருந்தது. எஞ்சினியர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பசித்த நாய் எலும்பைப் பார்ப்பதுபோல.

பிளக்கைப் பிடுங்கினாள். மின்காவலனை ஒதுக்கிவைத்தாள். சுவரில் நேரே செருகி, ஸ்விட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் எரிந்துபோகவில்லை. மெலோங் உட்கார்ந்து ஆடத் தொடங்கினார். ஏசியின் மோட்டார் அறை குளிர்ந்ததும் தானே நிற்கும், சூடேறியதும் தானே கிளம்பும். அது கிளம்பும் தருணம்தான் சோதனை. அது நின்றது. நாங்கள் காத்திருந்தோம். நாற்பது வயதைத் தாண்டிய ஆறு பேர் ஒரு ஏசி இருமுவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஏசி இருமியது. விளக்கு மங்கியது. மெலோங் ஒரு ராட்சசனை வெட்டி வீழ்த்தினார். திரை அப்படியே வெளிச்சமாக இருந்தது.

மூன்று முறை காத்திருந்தோம். மூன்று முறையும் ராட்சசர்கள்தான் செத்தார்கள். மின்காவலனை மறுபடி மாட்டினாள். அடுத்த இருமலில் 'டக்', இருட்டு. கழற்றினாள், ஓடியது. மாட்டினாள், அணைந்தது. இதற்குமேல் ஒரு பொருள் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாது.

மருந்துக் கடைக்காரம்மா காரணம் கேட்டார். எத்ராலின் சொன்னாள்: "கரண்டு கொறஞ்சா இந்தப் பெட்டிக்குள்ள ஒரு ஸ்விட்ச் மாறுது மேடம். அந்த டக்குங்கற சத்தம் அதுதான். மாறற நேரத்துல, கண்ணு சிமிட்டறதுல பாதி, கரண்டே கெடையாது. சும்மா டைப் அடிச்சிட்டிருந்தா கம்ப்யூட்டர் தனக்குள்ள தேங்கினத வச்சு சமாளிச்சுக்கும். கேம்னா அத்தனையும் உறிஞ்சிடும், சமாளிக்க ஒண்ணும் மிச்சமிருக்காது. நல்ல பெட்டின்னா சட்டுனு மாறிடும். இது மாறுறதுக்குள்ள ஆளே செத்துடறான்."

"ஆளே செத்துடறான்," என்று மெலோங் வழிமொழிந்தார். பிறகு எஞ்சினியரின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "என் நாப்பது படிய நீங்கதான் தின்னீங்களா சார்?"

எஞ்சினியர் முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய தேர்வைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். மீன்காரர் ஒருவர் ரப்பர் பூட்ஸோடு கிட்டே வந்து நிற்கும்போது அந்தத் தேர்வின் கனம் குறைந்துவிடுகிறது.

நியாயப்படி இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். மணி மூன்றரை. ஆனால் கப்பித்தான் குனிந்து என் மேஜைக்கு அடியில் பார்த்தார். அங்கே மின்னலைக் கையில் பிடித்தபடி எஞ்சினியர் சிரித்துக்கொண்டிருந்தார். பதிவேட்டு அறையில் இன்னொருவர். கப்பித்தானின் அறையில் இருவர். ஆறையும் வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் கப்பித்தான். கோவிலுக்கும் சிபாரிசு செய்து பாதிரியாரை இரண்டு வாங்கவைத்தவரும் அவரே. மின்காவலன் குற்றவாளி என்று இன்று பதிவேட்டில் ஏறினால், நாளைக்கு அவர் பெயரும் பின்னாலேயே ஏறும்.

கப்பித்தான் நிமிர்ந்தார். இந்தச் சபையின் வேலை தீர்ப்புச் சொல்வதல்ல, மனங்களை இணைப்பது என்றார். கம்ப்யூட்டர் ஏன் அணைகிறது என்பது விஞ்ஞானிகளுக்கே தெரியாத விஷயம் என்றார். பிறகு சமாதான ஒப்பந்தத்தை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்: இயந்திரத்தில் ஏற்பட்டது இயற்கையான ஒரு சோர்வு, எஞ்சினியர் பெருந்தன்மையோடு புகாரைத் திரும்பப் பெறுகிறார், எத்ராலின் தன் உரத்த குரலுக்காகவும், வாடிக்கையாளர் முன்னிலையில் ஒரு பட்டதாரியிடம் கேட்கக்கூடாத கேள்வி கேட்டதற்காகவும் வருத்தம் தெரிவிக்கிறாள், மின்காவலனைப் பற்றி இனி எங்கும் பேசுவதில்லை என்று உறுதி கூறுகிறாள்.

அவள் முடியாது என்றாள். திருடியில்லை என்று எழுதுங்கள், பெட்டி மாட்டினால் அணைந்தது, கழற்றினால் ஓடியது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், மன்னிப்பு அவர்தான் கேட்க வேண்டும் என்றாள். எஞ்சினியருக்கு இழந்த முதுகெலும்பு திரும்பியது. மன்னிப்பு இல்லாவிட்டால் புகார் நிற்கும், அடுத்த வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்றார். மருந்துக் கடைக்காரம்மா எதையோ சொல்ல வாயெடுத்து, தன் கடை லைசென்ஸுக்குக் கப்பித்தானின் கையெழுத்து வேண்டுமென்பது நினைவு வந்ததுபோல், மூடிக்கொண்டார். மெலோங் மட்டும் இது அநியாயம் என்றார். சாட்சிக்குப் பேச உரிமையில்லை என்று அவரைக் காவலர்கள் வெளியே கொண்டுபோனார்கள். வக்கீல் அவருக்கு ஒரு தட்டு பன்சித் நீட்டினாராம்.

நாலு மணி. நாலேகால். எத்ராலின் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினாள். நாலரை. கப்பித்தான் அவளருகே போய் அப்பன் மாதிரி தாழ்ந்த குரலில் பேசினார்.

"பாரும்மா, உனக்கு ஆஸ்பத்திரி வேலை வேணுமா, இந்தப் பெட்டியோட ஜெயிக்கணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சிட்டிருந்தேன் கப்பித்தான்."

நாலு நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது. அடியில் இன்னொரு தாள் வைத்து மறுபடி போடச் சொன்னேன். போட்டாள். எஞ்சினியர் கை நீட்டினார், குலுக்க. அவள் அந்தக் கையில் அவருடைய மின்காவலனைத் தூக்கி வைத்தாள். கனமான பெட்டி, அவர் முழங்கை இறங்கியது.

பிறகு நான் சான்றிதழை அச்செடுக்க உட்கார்ந்தேன். முதலில் எழுந்து போய் ஏசியை அணைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கப்பித்தான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவைத்தார். எஞ்சினியரும் அன்று புழுக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்குச் சான்றிதழ் வெளியே வந்தது: மேற்படி எத்ராலின் துமலாகன் நல்லொழுக்கமுள்ளவர், இவர் மீது புகார் எதுவுமில்லை, தேவைப்படும் இடத்தில் பயன்படுத்திக்கொள்ள இது வழங்கப்படுகிறது. முத்திரை குத்தினேன். அவள் தாளை மடிக்காமல், நெஞ்சோடு அணைக்காமல், விரல் நுனியில் பிடித்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனவர்கள் கோவில் வாசலில் புது பேனரைப் பார்த்தார்கள். வில்லாருவெல் மின்காவலன்: வட்டார மண்டபத்தில், நடுவர்கள் முன்னிலையில், மூன்று முறை நேரடியாகச் சோதிக்கப்பட்டது. ஒரு பொய் இல்லை. அன்று மட்டும் பதினேழு விற்றதாகச் சொன்னார்கள். மெலோங் எதிரிலிருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர் கடைக்கு மாறிவிட்டார். அங்கேயும் இரண்டு நாற்காலி காலியாக இருக்கிறது.

எத்ராலினைப் போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்கியது. வேலை எப்படி என்று கேட்டேன், நல்லா இருக்கு என்றாள். பேருந்து வந்ததும் படியில் ஏறிக்கொண்டே சொன்னாள்.

திங்கட்கிழமை அந்தச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை.